தெக்கலம்மாள் எருசலேம் போன தவக்காலம்

ஜசிந்தா, ஆண்டவர் வளர்ந்த நாசரேத்தூரில் மாதா கோயில் வாசலில் நின்று எடுத்து அனுப்பிய முதல் படத்திலேயே தெக்கலம்மாளும் நின்றாள். சாயம் போன நைட்டியும் தோளில் துண்டுமாக, மணிக்கட்டில் மீன்செதில் ஒட்டியிருக்க, அந்த ஊர் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, யாரோ கூப்பிட்டு நிறுத்தியவளைப் போல ஜசிந்தாவின் இடப்பக்கத்தில் ஒட்டி நின்றாள். அந்தப் படம் சிப்பித்துறை கோயில் பங்கு மக்களின் வாட்ஸப் குழுவில் வந்து விழுந்த நேரத்தில் அவள் தன் வீட்டுப் பின்வாசலில் குத்தவைத்துச் சாளை மீன் உரசிக்கொண்டிருந்தாள், அதைப் பக்கத்து வீட்டுப் பெண்கள் பார்த்துக்கொண்டும் இருந்தார்கள்.

பக்கத்து வீட்டு பவுலீன்தான் போனை எடுத்துக்கொண்டு வேலியோரம் வந்தாள்.

"யக்கா, நீயும் போயிருக்கியாமே. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல பாத்தியா."

தெக்கலம்மாள் கையைத் துண்டில் துடைத்துவிட்டுப் படத்தைப் பார்த்தாள். மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள். செதில் படத்தில் இருந்த இடத்திலேயே இருந்தது.

"நாந்தான்" என்றாள்.

"அதுக்கு நைட்டியோடயா போவாக மாதா வீட்டுக்கு?" என்றாள் பவுலீன். சிப்பித்துறைக்காரர்கள் இந்த விஷயத்தில் பட்ட ஆச்சரியம் மொத்தமும் அவ்வளவுதான்.

ஏனென்றால் தெக்கலம்மாளின் வயிற்றெரிச்சல் ஊருக்குப் புதிதல்ல. ஒரே வீட்டு அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்ட ஓரகத்திகள் அவர்கள். மூத்தவன் தொம்மைக்குத் தெக்கலம்மாள், இளையவன் பெலவேந்திரனுக்கு ஜசிந்தா. ஜசிந்தா வீட்டுத் தரைக்கு வழுவழுவென்று கல் பதித்த வாரம் தெக்கலம்மாள் வீட்டுச் சிமெண்டுத் தரை தானாக வெடித்தது. ஜசிந்தாவின் மகளுக்குக் குவைத்தில் நர்சு வேலை கிடைத்த அன்று தெக்கலம்மாளுக்குக் காய்ச்சல் வந்து, அந்த மகள் விமானம் ஏறிப் போய்ச் சேரும்வரை இறங்கவில்லை. அப்படிப்பட்ட எரிச்சல் ஒருநாள் ஆளையே தூக்கிக்கொண்டு கடல் தாண்டிப் போகும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

இந்தத் தடவை எரிச்சலுக்குக் காரணமும் பெரியது. சிப்பித்துறையில் பெரிய வெள்ளியன்று ஆண்டவரின் சுரூபத்தைச் சிலுவையிலிருந்து இறக்கி வெள்ளைத் துணியில் கிடத்தும்போது மூன்று பெண்கள் பரிமளத் தைலம் பூசுவார்கள். தலைக்கு ஒருத்தி, கைகளுக்கு ஒருத்தி, பாதங்களுக்கு ஒருத்தி. பாதத்து இடம்தான் பெரிய இடம். ஆண்டவரின் வெறுங்கல்லறையைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தவள் ஊரில் இருந்தால் அந்த இடம் அவளுக்கு, அப்படி ஒருத்தியும் இல்லாவிட்டால் அதுவரை அந்த இடத்தில் இருந்தவளின் மூத்த மருமகளுக்கு என்பது பங்கின் வழக்கம். அந்த இடத்தில் இருந்தவள் இவர்களுடைய மாமியார் சூசையம்மாள். அவள் மழைக்காலத்தில் செத்துப்போனாள். அவள் உயிரோடு இருந்தபோது அவளுடைய மலம் மூத்திரம் அள்ளியது தெக்கலம்மாள். பெரிய வெள்ளிதோறும் தைலக் கிண்ணத்தைத் துலக்கி அவள் கையில் கொடுத்ததும் தெக்கலம்மாள். கல்லறையைப் பார்த்தவள் ஊரில் ஒருத்தியும் இல்லை என்று அவள் நிம்மதியாக இருந்தபோதுதான், ஜசிந்தாவின் குவைத்து மகள் தாய்க்கும் தகப்பனுக்கும் ஆண்டவர் பிறந்த திருநாட்டுப் பயணத்துக்கு ஏற்பாடு செய்தாள், தவக்காலத்திலேயே.

அன்று மத்தியானம் ஜசிந்தா போன் பண்ணினாள்.

"யக்கா, நீ எதுக்கு இங்க வந்த?"

"நான் எங்கட்டி வந்தேன்? நான் இங்கதான் கொழம்பு வச்சிக்கிட்டு இருக்கேன்."

"படத்துல நிக்கியே!"

"நின்னா நிக்கேன். நீ கொஞ்சம் தள்ளி நில்லு, எடமா இல்ல?"

மறுநாள் ரேசன் கடையில் சாமான் போடுகிறவன் தெக்கலம்மாளின் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "யம்மா, இதுல ஆளே இல்லையே" என்றான். அட்டையில் படம் இருக்க வேண்டிய கட்டத்தில் நீலப் பின்னணி மட்டும் இருந்தது. அவள் நேரில் நின்றதால் சீனியும் பருப்பும் கொடுத்து அனுப்பிவிட்டான். அவளும் அட்டை பழசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

அன்றுதான் கானாவூர். ஆண்டவர் தண்ணீரை ரசமாக்கிய ஊர் அல்லவா, அங்கே போகிற புருசன் பெண்டாட்டிகள் கோயிலில் கைகோத்து நின்று கல்யாண வாக்கைப் புதுப்பித்துக்கொள்வார்கள். பெலவேந்திரன் கழுத்தில் மாலையோடு, புதுச் சட்டையில் மடிப்புக் கலையாமல், வாயெல்லாம் பல்லாக நின்றான். அவன் பக்கத்தில், அதே நைட்டியில், கையில் அகப்பையோடு, தெக்கலம்மாள் நின்றாள். ஜசிந்தாவின் முழங்கை மட்டும் ஓரத்தில் தெரிந்தது.

சிப்பித்துறை அன்று அடுப்பு மூட்ட மறந்தது. மைனிக்கும் கொழுந்தனுக்கும் கானாவூரில் கல்யாணம் ஆகிவிட்டதா என்று உபதேசியார் கோயில் வீட்டுக்கே போய்ப் பங்குச் சாமியாரைக் கேட்டார். சாமி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார், கொஞ்சம் யோசித்தார், வாக்குக் கொடுத்தது வாய், படத்துக்கு வாய் கிடையாது, ஆகவே கல்யாணம் ஆகவில்லை என்றார். பிறகு, "அந்த அம்மாவ நாளையிலிருந்து ஒரு நல்ல சேலை கட்டிக்கச் சொல்லும். நாலு பங்குக்காரங்க பாக்குற எடம்" என்றும் சொல்லி அனுப்பினார்.

சாயங்காலம் சாயா குடிக்கையில் தொம்மை சுவரைப் பார்த்தபடி, "ஏட்டி, இங்க வா" என்றான்.

சுவரில் அவர்களுடைய கல்யாணப் படம் தொங்கியது. இரவல் கோட்டும் மாலையுமாகத் தொம்மை நின்றான். அவன் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு வெற்றிடம் இருந்தது. அவன் கை அந்த வெற்றிடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"என்னய விட்டுட்டு எங்க போன?" என்றான்.

"கானாவூருக்கு" என்றாள் தெக்கலம்மாள். அப்போதுதான் அவளுக்கு ரேசன் அட்டையின் ஞாபகம் வந்தது.

ஆனாலும் அவள் மறுநாள் விடிந்ததும் பட்டுச்சேலை கட்டினாள். கட்டாமல் எப்படி இருப்பாள், சாமியே சொல்லிவிட்டாரே. பட்டுச்சேலையோடு தண்ணீர் பிடித்தாள், பட்டுச்சேலையோடு அம்மியில் தேங்காய் அரைத்தாள். பவுலீன் முதலில் வந்தாள், தன் ஜெபமாலையைக் கழற்றி இவள் கழுத்தில் போட்டு, "யக்கா, இன்னைக்குக் கலிலேயாக் கடலாம். இது கொஞ்சம் அங்க போயிட்டு வரட்டும்" என்றாள். அவளைப் பார்த்து மற்றவர்கள் வந்தார்கள். ஒருத்தி மகனுடைய பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்து இடுப்பில் செருகினாள், ஒருத்தி புருசனின் முழங்கால் எக்ஸ்ரேயைக் கொண்டுவந்து கையில் பிடிக்கச் சொன்னாள், பிள்ளையில்லாத ஒருத்தி கைக்குட்டை ஒன்றை அவள் தோளில் விரித்துவிட்டுப் போனாள். தெக்கலம்மாள் அவ்வளவையும் சுமந்துகொண்டு அடுப்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள். மத்தியானம் கலிலேயாப் படம் வந்தது. படகின் முன்பக்க அணியத்தில் அவள் பட்டுச்சேலையில் உட்கார்ந்திருந்தாள், கழுத்தில் ஜெபமாலைகள், கையில் எக்ஸ்ரே, பின்னால் நீலமாய்த் தண்ணீர். கும்பிட்டுக்கொண்டே எல்லாரும் தங்கள் தங்கள் பொருளைத் திரும்ப வாங்கிப்போனார்கள்.

"கடல் எப்படிக்கா இருந்துச்சு?" என்று பவுலீன் கேட்டாள்.

"நல்லா இருந்துச்சு" என்றாள் தெக்கலம்மாள்.

ஆனால் அவள் பார்த்தது வெங்காயத்தைத்தான். எல்லாரையும் போல அவளும் படத்தில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். போகாதவர்கள்கூடப் போகவில்லை என்ற ஒரு குறையோடு நின்றார்கள். இவளுக்கோ அத்தனை இடத்துக்கும் போயும் ஒன்றையும் பார்க்கவில்லை என்ற குறை. படங்களில் ஓரமாய் ஒதுங்கிக்கொண்டே போன ஜசிந்தா அத்தனையையும் கண்ணால் பார்க்கிறாள் என்று நினைக்க நினைக்க வயிறு இன்னும் எரிந்தது, எரிய எரிய அடுத்த படத்தில் அவள் இன்னும் நடுவுக்கு வந்தாள். யோர்தான் ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் நின்றாள், ஜசிந்தாவின் கையும் வளையலும் மட்டும் தெரிந்தன. பெத்லகேமில் வெள்ளி நட்சத்திரத்தைத் தொட்டுக்கொண்டு முழங்காலில் இருந்தாள், ஜசிந்தாவின் நகம்கூட இல்லை.

வீட்டுப் படங்களும் ஒவ்வொன்றாய் அவளை விட்டன. அவளுடைய மூத்த மகன் அருளப்பனின் ஞானஸ்நானப் படத்தில் அவள் கரைந்துபோக, குழந்தை யார் கையிலும் இல்லாமல் அந்தரத்தில் சிரித்தது. கொச்சியில் விசைப்படகில் வேலை பார்க்கும் அருளப்பன் போனில் அதைப் பார்த்துவிட்டு, "வானத்துச் சம்மனசு மாதிரி இருக்கேம்மா, இப்படியே வச்சிரு" என்றான். மாமியாரின் சவத்தைச் சுற்றி எல்லாரும் நின்று எடுத்த படத்தில், தலைமாட்டில் அவள் அழுதுகொண்டு நின்ற இடத்தில் சுவர் தெரிந்தது.

அதிகம் படம் எடுத்துக்கொண்ட குடும்பம் அல்ல அது. மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. டவுனில் ஸ்டுடியோவில் எடுத்தது. புதுநன்மை என்று முதல் நற்கருணை வாங்கிய அன்று, வெள்ளைக் கவுனும் தலையில் பூமுடியும் கையில் மெழுகுவர்த்தியுமாக அவளுடைய மகள் ரீத்தா, பக்கத்தில் அவள் தோளில் கைவைத்துக்கொண்டு தெக்கலம்மாள். அந்த வருச மழைக்குள்ளேயே காய்ச்சலில் ரீத்தா போய்விட்டாள். தாயும் மகளும் சேர்ந்திருந்த படம் அது ஒன்றுதான்.

அடுத்து எருசலேம். ஆண்டவரின் கல்லறை.

தெக்கலம்மாள் அந்தப் படத்தைத் துண்டில் சுற்றித் தகரப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். பட்டுச்சேலையை அவிழ்த்துப் போட்டுவிட்டுப் பழைய நைட்டிக்கு மாறினாள். முழங்காலில் நின்று, ஜசிந்தா நல்லவள், ஜசிந்தா நல்லவள் என்று ஜெபம்போலச் சொல்லிப் பார்த்தாள். ஜசிந்தா தைரியமாய் இங்கிலீஷ் பேசி அந்த ஊர் போலீசிடம் வழி கேட்கிறாளாம் என்று பெலவேந்திரன் அனுப்பியிருந்தது நடுவில் ஞாபகம் வந்தது. வயிறு மறுபடியும் பற்றிக்கொண்டது. வயிறு யார் சொல்லைக் கேட்கும்? கடைசியில் போனை எடுத்தாள்.

"சொல்லுக்கா" என்றாள் ஜசிந்தா. "நாளைக்கு என்ன சேலை?"

"ஏளா, நாளைக்குக் கல்லறையில நீ படம் எடுக்காத."

ஜசிந்தாவின் குரல் ஏறியது.

"ஏன், அதையும் நீயே தட்டிட்டுப் போவலாம்னு பாத்தியா? கூட வந்த திருச்சிப் பக்கத்து ஆளுங்க என் பக்கத்துலயே நிக்க மாட்டேங்காங்க, ஏதோ பேய் புடிச்சவன்னு. இவ்வளவு தூரம் வந்து எல்லாருக்கும் என் முழங்கையைக் காட்டிட்டுப் போறேன். கல்லறைப் படமும் இல்லன்னா ஊரு என்னய நம்புமா?"

"பாதத்து எடத்த நீயே வச்சுக்க."

"வாய் சொல்லுது. வயிறு சொல்லுதா?"

தெக்கலம்மாள் ஆமாம் என்று சொல்லியிருக்கலாம்.

"இல்ல" என்றாள். "வயிறு எரியத்தான் செய்யுது. அதனாலதான் சொல்லுதேன். நீ எடுத்தா நான் வந்து நின்னுருவேன். என்னால வராம இருக்க முடியாது. இங்க வீட்டுல ஒரு படந்தான் மிச்சம்."

"எந்தப் படம்?"

"ரீத்தாகூட எடுத்தது."

அந்த வெள்ளைக் கவுனைத் தைத்தவள் ஜசிந்தா. அப்போது இந்த வீட்டுக்கு வந்து ஒரு வருசம்கூட ஆகாத புதுப்பெண். கவுனைப் போட்டுவிட்டதும் பிள்ளை ஓடிப்போய்ச் சித்தியைக் கட்டிக்கொண்டதும், அதைப் பார்த்துத் தெக்கலம்மாள் முகம் கறுத்ததும், படத்துக்கு நீ வராண்டாம் என்று ஜசிந்தாவை ஸ்டுடியோவுக்கு வெளியே நிறுத்தியதும் இரண்டு பேருக்கும் நன்றாக ஞாபகம் இருந்தது. அங்கே பஸ்சின் ஹாரன் சத்தமும் யாரோ ஆட்களை எண்ணிக் கூப்பிடுகிற சத்தமும் கேட்டன.

"சார்ஜ் எறங்குது" என்று சொல்லிவிட்டு ஜசிந்தா போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் முழுதும் தெக்கலம்மாள் தகரப்பெட்டி முன்னால் உட்கார்ந்திருந்தாள். திறக்கப் பயம். ஊரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தது. பவுலீன் வேலிக்கும் வீட்டுக்குமாக நடந்தாள். "இன்னும் வரலையேக்கா, நீ போயிட்டியா இல்லியா?" என்று கேட்டுக்கேட்டு ஓய்ந்தாள். சாயங்கால மணி அடித்தது, படம் வரவில்லை. தெக்கலம்மாள் பெட்டியைத் திறந்து துண்டை விலக்கினாள். மகளின் தோளில் அவள் கை இருந்தது.

ஜசிந்தாவும் பெலவேந்திரனும் திரும்பி வந்த அன்று பேண்டு அடித்து, மாலை போட்டு, கோயில்வரை ஊர்வலமாய்க் கூட்டிப்போனார்கள். போகிற வழியில் யாரோ தெக்கலம்மாள் கழுத்திலும் ஒரு மாலையைப் போட்டார்கள். அவளும் போய்விட்டு வந்தவள்தானே. ஞாயிறு பூசைக்குப் பிறகு பாதத்து இடத்தைப் பற்றிப் பேசக் கூடினார்கள். கோயில் மண்டபத்தில் ஆண்கள் ஒருபக்கமும் பெண்கள் ஒருபக்கமும் உட்கார, சாமி நடுவில் நாற்காலி போட்டுக்கொண்டார்.

"கல்லறைப் படத்தைக் காட்டும்மா" என்றார் உபதேசியார்.

"எடுக்கல" என்றாள் ஜசிந்தா.

"ஏன்?"

"எடுக்கத் தோணல."

மண்டபம் சலசலத்தது. "ஒட்டகத்த மட்டும் எட்டுப் பக்கமும் சுத்திச்சுத்தி எடுத்திருக்கா" என்றாள் பவுலீன். "நான் சொல்லுதேன், இவ உள்ள போய்க் கும்பிட்டா" என்று பெலவேந்திரன் எழுந்தான். "பொண்டாட்டிக்குப் புருசன் சொல்லுற சாட்சி எந்தக் கோர்ட்டுல எடுபடும்? உக்காருப்பா" என்று அவனை உட்காரவைத்தார்கள். உபதேசியார் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். படங்களின்படி பார்த்தால் மற்ற இடங்களுக்கெல்லாம் போனவள் தெக்கலம்மாள்தான், கல்லறைக்கோ இரண்டு பேரும் போனதற்கு அடையாளம் இல்லை, கல்லறையைப் பார்த்தவள் இல்லையென்றால் வழக்கப்படி மூத்த மருமகளுக்கு, ஆக எப்படிப் பார்த்தாலும் இடம் தெக்கலம்மாளுக்கே என்று முடித்தார். எல்லாரும் சரி என்றார்கள். சாமியும் தலையை ஆட்டினார்.

தெக்கலம்மாள் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். சூசையம்மாளின் தைலக் கிண்ணம் அவள் கைக்கு வந்துவிட்டது போலவே இருந்தது, அதன் வாசனைகூட வந்தது. எதிரே ஜசிந்தா தலையைக் குனிந்து தன் கை நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரீத்தாவின் பெயரை அவள் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் அந்த மண்டபத்தில் பாதிப்பேர் அவளுக்காக அழுதிருப்பார்கள் என்று தெக்கலம்மாளுக்குத் தெரியும். எடுக்காமல் உட்கார்ந்திருக்கிறாளே, அதிலும் இவள்தானா மேலே, என்று அதற்கும் வயிறு எரிந்தது. அந்த எரிச்சலோடேயே தெக்கலம்மாள் எழுந்துவிட்டாள்.

"அவ உள்ள போனா. நான் வெளிய நின்னேன். பாத்தேன்."

யாரும் மறுக்கவில்லை. யோர்தானில் நின்றவள், பெத்லகேமில் நின்றவள், கல்லறை வாசலில் நின்றிருக்க மாட்டாளா?

"படத்துல வரலையேம்மா" என்றார் உபதேசியார்.

"படம் எடுத்தாத்தான வாரதுக்கு?"

சாமி முன்னால் சாய்ந்தார். "வாசல் எப்படிம்மா இருந்தது?"

"சின்ன வாசல் சாமி. குனிஞ்சுதான் போவணும். இவ இடுப்பு வலிக்காரி பாத்துக்கிடுங்க, சட்டுனு குனிய மாட்டா. எடது கைய முழங்கால்ல ஊணிக்கிட்டு, மூச்ச ஒரு தடவ இழுத்து விட்டுட்டு, சேலக் கொசுவத்த வலது கையில புடிச்சிக்கிட்டுக் குனிஞ்சா. வெளிய வரும்போது மூக்க முந்தானையில தொடச்சா. அழுதிருக்கா. அழுதா இவளுக்கு மூக்கு மட்டுந்தான் செவக்கும்."

ஜசிந்தா தலை நிமிர்ந்து அவளையே பார்த்தாள். சாமி ஜசிந்தாவைப் பார்த்தார், பிறகு போதும் என்று கையைக் காட்டினார். இடம் ஜசிந்தாவுக்கு என்று ஆயிற்று.

பெரிய வெள்ளி சாயங்காலம் சுரூபத்தை இறக்கினார்கள். கோயில் முழுக்க ஒப்பாரிப் பாட்டு எழுந்தது. தலைக்கு ஒருத்தி பூசினாள், கைகளுக்கு ஒருத்தி பூசினாள், பாதத்துக்கு ஜசிந்தா வந்து நின்றாள். இடது கையை முழங்காலில் ஊன்றினாள், மூச்சை ஒரு தடவை இழுத்து விட்டாள், கொசுவத்தை வலது கையில் பிடித்துக்கொண்டு குனிந்தாள். அம்மாடி, சொன்னாளே அப்படியே, என்று பெண்கள் பக்கம் ஒரு முனகல் ஓடியது. கூட்டத்தின் கடைசியில், தூணோரம் நின்ற தெக்கலம்மாளுக்கு அடிவயிற்றிலிருந்து தொண்டைவரை எரிந்தது, கலிலேயாவுக்கும் யோர்தானுக்கும் எரிந்ததெல்லாம் ஒன்றுமில்லை என்பதுபோல எரிந்தது. யாரோ போனைத் தூக்கிப் படம் எடுத்த வெளிச்சம் பளிச்சென்று அடித்தது.

அவள் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். பெட்டியைத் திறந்தாள். துண்டை விலக்கினாள். ரீத்தா மெழுகுவர்த்தியோடு நின்றாள், பக்கத்தில் அவள் நின்றாள். எரிச்சல் வயிற்றில் அப்படியே இருந்தது. எங்கும் போகவில்லை, இங்கேயே இருந்தது. அவள் தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

ஜசிந்தா வாசலில் வந்து நின்றாள். கையில் தைல வாசனை, போனில் இப்போது எடுத்த படம்.

"யக்கா, பாத்தியா? படத்துல நீ பாதத்துக்கிட்ட வரல. நான் தள்ளித்தான் நின்னேன், உனக்கு எடம் விட்டு."

தெக்கலம்மாள் போனை வாங்கிப் பார்த்தாள். பாதத்தருகே ஜசிந்தா ஒருத்திதான். கூட்டத்தின் கடைசியில், தூணோரம், முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு தான் நிற்பது தெரிந்தது.

"ஏன்க்கா வரல?"

"பெரிய வெள்ளிக்கு ஊருக்கெல்லாம் ஊத்துற கோயில் கஞ்சிக்கு உப்பு யாரு போடுவா?"

ஜசிந்தா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். உட்காரும்போது இடது கையை முழங்காலில் ஊன்றினாள். ஊன்றியவள் அந்தக் கையையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"கல்லறைக்கு நீ வரல. நான் சுத்திச்சுத்திப் பாத்தேன், நீ இல்ல. நான் எப்படிக் குனிஞ்சேன்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?"

"நீ இந்த வீட்டுக்கு வந்த நாள்ல இருந்து நான் உன்னயத்தானட்டி பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றாள் தெக்கலம்மாள்.